தோற்ற வழக்கு, பிழைத்த பள்ளத்தாக்கு

சென்ற மாதம் என் வழிகாட்டிப் பேராசிரியருக்குப் பதிலாகச் சுற்றுச்சூழல் வரலாற்று வகுப்பொன்றை எடுக்க நேர்ந்தது. ‘சியரா கிளப் எதிர் மார்ட்டன்’ வழக்குதான் அன்றைய பாடம். மரங்களுக்கும் ஆறுகளுக்கும் வழக்காடும் உரிமை உண்டு என்ற கருத்து அமெரிக்க உச்ச நீதிமன்றத்தில் ஒலித்த வழக்கு என்று எல்லோரும் சொல்லும் வாக்கியத்தையே நானும் சொன்னேன். பின்வரிசையிலிருந்து முதுகலை மாணவி ஒருவர் கேட்டார்: “அப்படியானால் அந்த வழக்கில் வென்றது யார், சார்?” சியரா கிளப் தோற்றது என்றேன். “பிறகு ஏன் அங்கே விடுதி எழும்பவில்லை?” அதற்கு ஒரு வரியில் சொல்லத்தக்க விடை என்னிடம் இல்லை. அவருக்குச் சொல்ல வேண்டியிருந்த நீண்ட விடையே இப்பதிவு.

கலிஃபோர்னியாவின் சியரா நெவாடா மலைத்தொடரின் தென்பகுதியில், கவேயா ஆற்றின் கிழக்குக் கிளை பிறக்குமிடத்தில், சுமார் 7,500 அடி உயரத்தில் அமைந்த சிறு பள்ளத்தாக்கு மினரல் கிங். பெயரே அதன் முதற்கதையைச் சொல்லிவிடும். 1870-களில் அங்கே வெள்ளி கிடைக்கும் என்று நம்பி மக்கள் திரண்டனர். 1879-இல் மலையைக் குடைந்து ஒரு சாலையும் போடப்பட்டது. எதிர்பார்த்த வெள்ளி கிடைக்கவில்லை. சில ஆண்டுகளில் கூட்டம் கலைந்தது. சாலை மட்டும் எஞ்சியது. அவ்வழியே கோடைக்காலத்தில் மலையேறி வந்தவர்கள் கட்டிக்கொண்ட மரக்குடில்களும் எஞ்சின.

1890-இல் செகோயா தேசியப் பூங்கா உருவானபோது, சுரங்க நிலம் என்பதால் இப்பள்ளத்தாக்கு அதன் எல்லைக்கு வெளியே விடப்பட்டது. 1926-இல் பூங்கா விரிவாக்கப்பட்டபோதும் உள்ளே சேர்க்கப்படவில்லை. வனவிலங்குப் புகலிடம் என்ற பெயருடன் வனப்பணித் துறையிடமே நீடித்தது. வரைபடத்தைப் பார்த்தால் பூங்காவுக்குள் குத்தி நுழைந்த ஆப்பு போலத் தெரியும். மூன்று பக்கமும் தேசியப் பூங்கா, நடுவே வனத்துறை நிலம். இல்லாத வெள்ளியின் பெயரால் போடப்பட்ட எல்லைக்கோடு, பின்னாளில் அங்கே பனிச்சறுக்கு விடுதி கட்டலாம் என்ற எண்ணத்துக்கு வாசல் திறந்தது. நிர்வாக எல்லைகளுக்கும் வரலாறு உண்டு. அவ்வரலாறு தீர்ந்துபோன பிறகும் எல்லைகள் வேலை செய்துகொண்டேயிருக்கும்.

1965-இல் வனப்பணித் துறை இப்பள்ளத்தாக்கில் பனிச்சறுக்கு மையம் அமைக்க விருப்பமுள்ளவர்களிடம் முன்மொழிவுகளைக் கேட்டது. ஆறு நிறுவனங்கள் போட்டியிட்டன. வால்ட் டிஸ்னியின் நிறுவனம் தேர்வானது. 1960-இல் ஸ்குவா வேலியில் நடந்த குளிர்கால ஒலிம்பிக்கின் விழா நிகழ்ச்சிகளுக்குப் பொறுப்பேற்றிருந்தவர் டிஸ்னி. பனிமலைப் பொழுதுபோக்கில் அவருக்கு இருந்த நாட்டம் புதிதன்று. 1966 டிசம்பரில் அவர் மறைந்தபோதும் திட்டம் நிற்கவில்லை. 1969 ஜனவரியில் வனப்பணித் துறை இறுதித் திட்டத்துக்கு ஒப்புதல் அளித்தது: 3.5 கோடி டாலர் செலவு; தங்கும் விடுதிகள், உணவகங்கள், நீச்சல் குளங்கள், வாகன நிறுத்தங்கள்; நாளொன்றுக்கு 14,000 பேர் வந்துபோகும் ஏற்பாடு. அவர்கள் வருவதற்காக மாநில அரசு 20 மைல் நீளத்துக்கு நெடுஞ்சாலை போடும். அதன் ஒரு பகுதியும், விடுதிக்கான உயரழுத்த மின்தடமும் தேசியப் பூங்காவின் ஊடாகச் செல்லும்.

இத்திட்டக் கோப்பில் ஆய்வாளர்கள் கவனிக்க வேண்டிய ஒரு நுணுக்கம் உண்டு. வன நிலத்தில் நீண்டகால அனுமதி 80 ஏக்கருக்கு மேல் தரக் கூடாது என்று சட்டம் வரம்பிட்டிருந்தது. பள்ளத்தாக்கின் தரையில் கட்டடங்கள் எழும் 80 ஏக்கருக்கு மட்டும் முப்பதாண்டு அனுமதி. மலைச்சரிவுகளில் வரும் கம்பிவட இழுவைகள், சறுக்குத் தடங்கள், பற்சக்கர ரயில் ஆகியவற்றுக்கு ‘எப்போது வேண்டுமானாலும் திரும்பப் பெறத்தக்க’ தற்காலிக அனுமதி. விடுதியில்லாமல் இழுவைக்குப் பயனில்லை. இழுவையில்லாமல் விடுதிக்கு வருவாயில்லை. ஆனாலும் தாளில் அவை இரண்டும் வெவ்வேறு. சட்டம் மீறப்படவில்லை, பங்கு பிரிக்கப்பட்டது.

சியரா கிளப் இத்திட்டத்தைத் தொடக்கம் முதல் எதிர்த்தது என்று எழுதுவது வழக்கம். அது முழு உண்மையன்று. 1940-களின் இறுதியில், தென்கலிஃபோர்னியாவின் வேறொரு மலையைக் காக்க முனைந்திருந்த அச்சங்கம், மினரல் கிங்கில் பனிச்சறுக்கு மையம் வருவதற்குத் தடை சொல்லவில்லை. 1965-இல்தான் அந்நிலைப்பாட்டை மாற்றிக்கொண்டது. இதை அச்சங்கத்தின் குறையாகச் சொல்லவில்லை. பதினைந்து ஆண்டுகளில் திட்டத்தின் அளவும் மாறியிருந்தது, மலைகளைப் பற்றிய அறிவும் மாறியிருந்தது. ஒரு காலத்தில் தந்த இசைவு எல்லாக் காலத்துக்குமான இசைவாகாது என்பதற்காகவே மீளாய்வு என்ற ஒன்று தேவைப்படுகிறது.

அந்த மீளாய்வைத்தான் அச்சங்கம் கேட்டது. 1965-இல் பொதுமக்கள் கருத்துக்கேட்புக் கூட்டம் ஒன்றை நடத்தும்படி கோரியது, கோரிக்கை ஏற்கப்படவில்லை. பிறகு வனப்பணித் துறைக்கும் உள்துறைக்கும் கடிதங்கள் எழுதியது, அவற்றாலும் பயனில்லை. உச்ச நீதிமன்றத் தீர்ப்பின் தொடக்கப் பத்திகளில் இச்செய்தி ஓரிரு வரிகளில் கடந்துபோகிறது. நான் அவ்வரிகளைப் பலமுறை படித்திருந்தும் அவற்றில் நின்றதில்லை. ஒரு கூட்டம் நடத்த மறுத்ததன் விலையாகப் பதினோர் ஆண்டுகளுக்கு மேல் வழக்கும் வாதமும் தொடர்ந்தன என்பது இப்போதுதான் உறைக்கிறது.

1969 ஜூனில் வழக்குத் தொடுக்கப்பட்டது. அடுத்த மாதமே மாவட்ட நீதிபதி ஸ்வைகர்ட் இடைக்காலத் தடை விதித்தார். 1970-இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் அத்தடையை நீக்கியது: சியரா கிளப்புக்கு வழக்காடும் தகுதி இல்லை என்றது. இங்கே அச்சங்கம் எடுத்த முடிவு ஒன்று முக்கியமானது. அதன் உறுப்பினர்கள் பலர் அப்பள்ளத்தாக்கில் நடந்தவர்கள், கூடாரம் அடித்துத் தங்கியவர்கள். அதைச் சொல்லியிருந்தால் தகுதிக் கேள்வியே பெரிதாக எழுந்திருக்காது. ஆனால் தனிநபரின் இழப்பைச் சொல்லாமல், பொதுநலனுக்காக நெடுங்காலம் உழைத்த அமைப்பு என்ற தகுதியிலேயே வழக்காட முடியுமா என்று சோதித்துப் பார்க்க அச்சங்கம் விரும்பியது.

1972 ஏப்ரல் 19 அன்று உச்ச நீதிமன்றம் 4-க்கு 3 என்ற கணக்கில் முடியாது என்றது. பெரும்பான்மைத் தீர்ப்பை எழுதியவர் நீதிபதி ஸ்டூவர்ட். இயற்கையின் அழகுக்கு நேரும் கேடும் சட்டம் கருத்தில் கொள்ளத்தக்க கேடுதான், பொருளிழப்பு மட்டுமே இழப்பாகாது என்று அவர் ஒப்புக்கொண்டார். ஆனால் வழக்காடுபவர் அக்கேட்டுக்கு ஆளானவருள் ஒருவராக இருந்தாக வேண்டும் என்றார். மாறுபட்ட தீர்ப்பளித்த மூவருள் ஒருவரான டக்ளஸ் எழுதியதுதான் நம் பாடத்திட்டங்களில் வாழ்கிறது. கப்பலும் வணிக நிறுவனமும் சட்டத்தின் கண்ணில் ஆளுமை பெற முடியுமானால் ஆறும் பள்ளத்தாக்கும் ஏன் பெறக்கூடாது என்பது அவரது வாதம். கிறிஸ்டோபர் ஸ்டோன் என்ற சட்டப் பேராசிரியர் இக்கருத்தை முன்வைத்து எழுதிய கட்டுரை, டக்ளஸின் கையில் கிடைக்கும்படி வேகமாக அச்சேற்றப்பட்டது என்பதும் அறிந்த செய்தியே.

அதிகம் படிக்கப்படாத இன்னொரு மாறுபட்ட தீர்ப்பு நீதிபதி பிளாக்மனுடையது. அதில் பள்ளிக்கூடக் கணக்கு ஒன்று இருக்கிறது. நாளொன்றுக்கு 14,000 பேர். காருக்கு நான்கு பேர் என்று தாராளமாகவே வைத்துக்கொண்டாலும் 3,500 கார்கள். மலைச்சாலை என்பதால் போக்குவரத்து 12 மணி நேரத்துக்குள் அடங்கும் என்று கொண்டால், மணிக்கு ஏறத்தாழ 300 கார்கள், நிமிடத்துக்கு ஐந்து, 12 நொடிக்கு ஒன்று. வந்தவர்கள் திரும்பிப் போகவும் வேண்டுமே என்று கணக்கில் சேர்த்தால் ஆறு நொடிக்கு ஒரு கார். தேசியப் பூங்காவின் நடுவே, இருவழிச் சாலையில், ஆறு நொடிக்கு ஒரு கார்.

இக்கணக்கைப் போட உச்ச நீதிமன்ற நீதிபதி தேவையில்லை. ஊர்மன்றத்தில் கூட்டம் கூட்டியிருந்தால், அடிவாரத்துத் தோட்டக்காரர் ஒருவரே எழுந்து கேட்டிருப்பார்: ‘இத்தனை வண்டியும் எந்த வழியாகப் போகும்?’ திட்டமிடுபவரின் தாளில் விடுதி தனி, சாலை தனி, மின்தடம் தனி. அங்கே வாழ்பவருக்கு அவை மூன்றும் ஒன்றே. கருத்துக்கேட்பு என்பது சடங்கன்று. பிரிக்கப்பட்டவற்றை ஒரே பார்வையில் சேர்த்துப் பார்க்கும் கண்களுக்கு இடம் தருவது. 1965-இல் தரப்படாத அந்த இடத்தை, ஏழாண்டு கழித்து, தோற்ற பக்கத்தில் அமர்ந்திருந்த ஒரு நீதிபதி தாமே எடுத்துக்கொண்டார்.

இனி, மாணவி கேட்ட இரண்டாம் கேள்வி. வழக்கு தோற்றும் விடுதி ஏன் வரவில்லை?

முதற்காரணம், பெரும்பான்மைத் தீர்ப்பின் அடிக்குறிப்பு ஒன்று மனுவைத் திருத்திக்கொள்ளும் வழியைத் திறந்தே வைத்திருந்தது. சில வாரங்களில் சியரா கிளப் தன் மனுவைத் திருத்தியது. பள்ளத்தாக்கைப் பயன்படுத்தும் தனிநபர்களும், அங்கே கோடைக் குடில் வைத்திருந்தோரின் சங்கமும் வாதிகளாகச் சேர்ந்தனர். மரம் பேச வேண்டியிருக்கவில்லை. மரத்தடியில் படுத்துறங்கியவர் பேசினால் போதுமானதாயிற்று.

இரண்டாவது, தேசியச் சுற்றுச்சூழல் கொள்கைச் சட்டம். வழக்குத் தொடுக்கப்பட்டபோது அச்சட்டமே இல்லை. 1970 ஜனவரி முதல் நாளில்தான் அது கையெழுத்தானது. அதன்படி, சூழலைக் கணிசமாகப் பாதிக்கும் நடவடிக்கை எதற்கும் அரசுத் துறை தாக்க அறிக்கை எழுதியாக வேண்டும், மாற்று வழிகளை ஆராய்ந்தாக வேண்டும், வரைவை வெளியிட்டுக் கருத்துகளுக்கு விடையளித்தாக வேண்டும். திருத்திய மனு இச்சட்டத்தையும் துணைக்கு அழைத்தது. மினரல் கிங்குக்கான அறிக்கை எழுதி முடிய 1970-களின் நடுப்பகுதி ஆகிவிட்டது. இதற்கிடையில் மாநில அரசு சாலைத் திட்டத்தைக் கைவிட்டது. டிஸ்னி நிறுவனமும் வேறிடம் தேடத் தொடங்கியது. 1977-இல் வழக்கு, தீர்ப்பு எதுவுமின்றி முடித்துவைக்கப்பட்டது. 1978 நவம்பரில் அமெரிக்கப் பேரவை மினரல் கிங்கைச் செகோயா தேசியப் பூங்காவுடன் இணைத்தது. பனிச்சறுக்குக்கான நிரந்தரக் கட்டுமானங்கள் அந்நிலத்தின் சூழலியல் மதிப்புகளுக்கு ஒவ்வாதவை என்று சட்டத்திலேயே எழுதியது. 1926-இல் விடுபட்ட ஆப்பு வரைபடத்திலிருந்து மறைந்தது.

ஆக, பள்ளத்தாக்கைக் காத்தது டக்ளஸின் சொல்வன்மையன்று. மனுவைத் திருத்தலாம் என்ற விதி, அறிக்கை எழுதியாக வேண்டும் என்ற கட்டாயம், கருத்துக்கு விடை சொல்லியாக வேண்டும் என்ற கடமை, இவை வாங்கித் தந்த காலம் ஆகிய அழகற்ற செய்திகள்தாம் காத்தன. கால தாமதம் எல்லா இடத்திலும் நன்மையே என்று நான் வாதிடவில்லை. மருத்துவமனைக்கும் குடிநீர்க் குழாய்க்கும் தாமதம் கொடுமையே. ஆனால் திரும்பப் பெற முடியாத கட்டுமானம் ஒன்றை எழுப்புவதற்கு முன், கேட்கப்படாதவர் கேட்கப்படும் வரையில் நிற்கும் நேரத்தைத் தாமதம் என்று மட்டும் கணக்கெழுதக் கூடாது.

நம் நாட்டில் இதற்கு இணையாக வைத்துப் பார்க்கத்தக்க நிகழ்வு மணாலியில் நடந்தது. 2005-இல் இமாசலப் பிரதேச அரசு, ஹென்றி ஃபோர்டின் கொள்ளுப்பேரனான ஆல்ஃபிரட் ஃபோர்டு முன்னின்ற ‘ஹிமாலயன் ஸ்கி வில்லேஜ்’ திட்டத்துக்கு உடன்படிக்கை செய்துகொண்டது. பியாஸ் ஆற்றின் மேற்புறச் சரிவுகளில் ஆடம்பர விடுதிகள், கம்பிவட ஊர்திகள், சறுக்குத் தடங்கள். சிகரங்கள் தெய்வங்களின் இருப்பிடம், நீரூற்றுகள் ஊருக்கு உரியவை, மேய்ச்சல் நிலம் பறிபோகும் என்று மக்கள் எதிர்த்தனர். 2006 பிப்ரவரியில் நக்கர் கோட்டையில் ‘ஜக்தி பூச்’ கூட்டப்பட்டது. அது குல்லுப் பள்ளத்தாக்கின் ஊர்த் தெய்வங்கள் தங்கள் ‘குர்’ எனும் சாமியாடிகளின் வாயிலாகக் கருத்துச் சொல்லும் பேரவை. திட்டம் வேண்டாம் என்பதே அங்கு வெளிப்பட்ட முடிவு. விவகாரம் உயர்நீதிமன்றத்துக்கும் சென்றது. விடுதி எழும்பவில்லை.

டக்ளஸ் கற்பனை செய்ததை குல்லுவின் மக்கள் நடைமுறையில் செய்து காட்டினர் என்று எழுதுவதற்குக் கை துடிக்கும். அவ்வளவு எளிதன்று. அப்பேரவையைக் கூட்டியவர் பழைய அரச குடும்பத்தின் வாரிசும் முன்னாள் மக்களவை உறுப்பினருமான மகேஷ்வர் சிங். தெய்வத்தின் குரலிலும் ஊரின் அதிகார அடுக்குகள் கலந்தே ஒலிக்கும். யார் கேட்கப்படுகிறார், யார் கேட்கப்படுவதில்லை என்ற கேள்வி அங்கும் உண்டு. இருப்பினும் ஒன்றைக் கவனிக்கலாம். மக்கள் தம் மறுப்பை ஊரறியச் சொல்வதற்குத் தேர்ந்த அவை, அரசின் அனுமதி நடைமுறைக்கு வெளியே இருந்தது; அதன் முடிவு அரசைக் கட்டுப்படுத்தும் என்று எந்தச் சட்டமும் சொல்லவில்லை. ஒடிசாவின் நியம்கிரியில் 2013-இல் பன்னிரண்டு கிராம சபைகள் சுரங்கத்தை மறுத்தபோது, அம்மறுப்புக்கு உச்ச நீதிமன்ற ஆணையின் பின்பலம் இருந்தது. இரு நிகழ்விலும் வேண்டாம் என்றது ஊர்தான். ஒன்றில் மட்டுமே அந்தச் சொல்லைக் கேட்டாக வேண்டிய கடமை அரசுக்கு இருந்தது.

இன்று அதே சரிவில் ஒரு விடுதியைப் புதுப்பித்து விரிவாக்க ஒருவர் விண்ணப்பித்தால் என்ன நடக்கும்? 2006-ஆம் ஆண்டின் சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிவிக்கையின்படி, 20,000 சதுர மீட்டருக்குக் குறைந்த கட்டடத்துக்கு முன் அனுமதியே தேவையில்லை. அதற்கு மேற்பட்ட கட்டடத் திட்டங்களுக்கு அனுமதி வேண்டும். ஆனால் கட்டுமானத் திட்டம் என்ற வகையில் வருவதால் அவற்றுக்குப் பொதுமக்கள் கருத்துக்கேட்பிலிருந்து விலக்கு. அதாவது, சமவெளியின் அடுக்குமாடிக் குடியிருப்புக்கும் இமயச் சரிவின் விடுதிக்கும் ஒரே அளவுகோல். பங்கு பிரிக்கும் கலையும் நமக்குத் தெரியும்: ஏறத்தாழ 900 கிலோமீட்டர் நீளமுள்ள சார் தாம் சாலைத் திட்டம் 53 துண்டுகளாக வகுக்கப்பட்டது; ஒவ்வொன்றும் மதிப்பீடு கட்டாயமாகும் 100 கிலோமீட்டர் வரம்புக்கு உள்ளே அடங்கியது. 2020-இல் வெளிவந்த புதிய அறிவிக்கையின் வரைவு, கருத்துக்கேட்புக்கான 30 நாள் அவகாசத்தை 20 நாளாகக் குறைக்க முன்மொழிந்தது.

மறுபுறம், டக்ளஸின் மொழி நம் நீதிமன்றங்களில் செழித்து வளர்கிறது. 2017-இல் உத்தராகண்ட் உயர்நீதிமன்றம் கங்கையையும் யமுனையையும் சட்ட ஆளுமைகளாக அறிவித்தது. சில மாதங்களில் உச்ச நீதிமன்றம் அதற்குத் தடை விதித்தது. 2022 ஏப்ரலில், மினரல் கிங் தீர்ப்புக்கு ஐம்பது ஆண்டு நிறைந்த அதே மாதத்தில், சென்னை உயர்நீதிமன்றத்தின் மதுரைக் கிளை இயற்கை அன்னையை உரிமைகளும் கடமைகளும் உடைய உயிருள்ள ஆளுமையாக அறிவித்தது. இத்தீர்ப்புகளின் நல்லெண்ணத்தில் எனக்கு ஐயமில்லை. ஆனால் ஒரு முரண் உறுத்துகிறது. மலைக்கு ஆளுமை வழங்கும் சொற்கள் பெருகும் அதே காலத்தில், மலையில் வாழும் மனிதர் எழுந்து நின்று கேள்வி கேட்கும் கூட்டங்கள் சுருங்குகின்றன. பேச முடியாத ஒன்றுக்குக் குரல் தருவதாகச் சொல்வது, பேசக்கூடியவரைக் கேட்பதை விட எளிதாகவே எப்போதும் இருந்திருக்கிறது.

சுற்றுச்சூழல் வரலாற்றைப் பயிலும் மாணவர்களிடம் நான் வேண்டுவது இதுதான். மாபெரும் தீர்ப்புகளின் புகழ்பெற்ற பத்திகளைப் படியுங்கள், அத்துடன் நிறுத்திவிடாதீர்கள். அனுமதிக் கோப்பை எடுங்கள். எத்தனை ஏக்கர் எந்த வகை அனுமதியில் தரப்பட்டது, கூட்டம் நடந்ததா, நடந்தால் யார் வந்தார், அவர் கேட்டதற்கு எழுத்தில் விடை தரப்பட்டதா என்று பாருங்கள். மினரல் கிங்கின் கதை 1972-இல் உச்ச நீதிமன்றத்தில் தொடங்கவில்லை. 1965-இல் நடக்காமற்போன ஒரு கூட்டத்தில் தொடங்கியது.

அடுத்த வகுப்பில் அம்மாணவிக்கு இவ்விடையைச் சொன்னேன். அவர் சற்று யோசித்துவிட்டுக் கேட்டார்: “எங்கள் ஊர் மலையில் கட்டுகிறார்களே சார், அதற்குக் கூட்டம் நடந்ததா?” கோப்பைத் தேடிக்கொண்டிருக்கிறோம்.